மாமாவின் கடைவாயில் ரசமணி

எங்கள் மாமாவின் வாயில் சித்தர் குடியேறியபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உத்திரமேரூர் பஜாரில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவரும் அத்தையும் எங்களுக்கு அடுத்த வீடு. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து, கிராம்பு, உப்பு, புகையிலை என்று எல்லா வைத்தியமும் தோற்ற பிறகு காஞ்சிபுரத்துப் பல் டாக்டரிடம் போனார். பிடுங்கிக் கையில் கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டே போனவர், பல்லை அடைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பினார்.

வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கதை ஆரம்பமானது.

"யக்கா, சின்னதா மருந்தரைக்கிற கல்வம் ஒண்ணு வச்சிகினு கீறாரு. அதுல வெள்ளித் தூளப் போட்டு, பாதரசத்த ஊத்தி அரைக்கிறாரு. துணியில வச்சிப் பியிஞ்சாரு பாரு, வெண்ணெ மாதிரி ஆயிட்ச்சி. பல்லுல வச்சி அமுக்கிட்டு, நாளைக்குள்ள கல்லாட்டம் இறுகிடும்னாரு. இன்னான்னு புரியுதா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. மாமாவே சொன்னார். "ரசத்தக் கட்டிட்டாருக்கா!"

ஓடுகிற பாதரசத்தை உருட்டி இறுக வைப்பது சித்தர்களுக்கு மட்டும் கைவந்த வித்தை என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. அப்படிக் கட்டிய உருண்டைக்கு ரசமணி என்று பெயர். கழுத்தில் கட்டிக்கொண்டால் நினைத்தது நடக்குமாம். கழுத்தில் கட்டினாலே அப்படி என்றால், வாய்க்குள்ளேயே பதித்துக்கொண்டவன் வாக்கு எப்படிப் பலிக்காமல் போகும்? இது மாமாவின் கணக்கு. டாக்டர் காதில் விழுந்திருந்தால் கிளினிக்கை மூடிவிட்டுப் போயிருப்பார்.

"ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. போய்ச் சோத்தத் துன்னு" என்றாள் அம்மா.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அன்று சாயங்காலமே கரண்ட் போனபோது "இப்ப வரும் பாரு" என்றார், வந்தது. எதிர்வீட்டு மாடு கிடாரிக்கன்று போடும் என்றார், போட்டது. அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் போர்வெல் போடுகிறவர்களும் மாமாவிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பஜாரில் டீக்கடை பாய்கூட, "இன்னாப்பா, வாயில மணிய வச்சிகினு சும்மா கீறியே, நம்ம கடைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போ" என்பார். கேலியாகத்தான் கேட்பார். ஆனால் மாமா சொல்லி முடிக்கிறவரை பாய்லர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இதில் மாமாவுக்கு ஒரு பேஜார் இருந்தது. வாக்கு பலித்துவிடும் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. அதற்கு முன்பெல்லாம் அவர் கடையில் வாயைத் திறந்தால் பொம்பளைகள் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். இப்போது கம்பியைத் தப்பாகச் சுற்றிய ஆளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருடா! நூறு வயசு இருடா! புள்ள குட்டியோட இருடா!" என்று கத்துவார். நான் பள்ளிவிட்டு வந்து அந்த ஆசீர்வாதங்களைக் கேட்பதற்கென்றே கடையில் உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் அத்தை. "எங்க வூட்டுச் சித்தரு இன்னும் எய்ந்திரிக்கல" என்று காலையில் பால்காரரிடம் சொல்வாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்குக் குழந்தை இல்லை. திருப்புலிவனம் கோயிலுக்குப் போவாள், யாரோ சொன்ன கஷாயம் குடிப்பாள், அதைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு அத்தை வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். வந்தவள் அவர் எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே தெரிந்திருந்தது. "சொல்லு மாமா, சொல்லு மாமா" என்று நான் குதித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாமா கன்னத்தைத் தடவினார். "அது நேத்தே உயுந்துட்ச்சிம்மா. முறுக்கு கடிச்சேன், அதோட பூட்ச்சி" என்றார்.

அத்தை அவர் தட்டைப் பார்த்தாள். "போனாப் போவுது. குழிய அப்படியே வுட்டுடாதீங்க, மறுபடி போய் அடச்சிகினு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மாமாதான் சைக்கிளில் கூட்டிப்போனார். வழியில் பைப்படியில் தண்ணீர் பிடித்தவரிடம் சொம்பை வாங்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தார். நான் கேரியரில் உட்கார்ந்து பார்த்தேன். கடைவாயில் அது சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் யாருக்கோ வாரி வழங்கிய மனுஷன், அத்தைக்கு ஒரு வார்த்தை கொடுக்கக் கஞ்சத்தனம் பண்ணிவிட்டாரே!

"உயவே இல்ல. பொய் சொல்லிட்ட. அத்தை பாவம்" என்றேன்.

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"சொன்னா, அவ நம்பிடுவா பாப்பா" என்றார்.

நம்பட்டுமே, அதற்குத்தானே கேட்டாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் வரும்வரை அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் கேரியர் கம்பியையே பிடித்துக்கொண்டு போனேன்.