மெர்சி பஸ்ஸில் போன நாள்

அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது அச்சு மை வாசனைதான். அப்புறம் காரின் பின்பக்கமிருந்து ஒரு 'டொக்'. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டொக்...

அப்போது திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் சூப்பர்வைசராக இருந்தேன். வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்த ஒரு வெள்ளைக் காரை வாங்கி, ஊரே பார்க்க ஓட்டிக்கொண்டு திரிந்தேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

மனைவி மெர்சி ஸ்கூல் டீச்சர். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பின் சீட்டில் இடுப்புக்குத் தலையணை கொடுத்து, முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வருவாள்.

"பின்னாடி தூக்கிப் போடுதுங்க. ஒருக்கா போட்டா நிக்கவே மாட்டேங்குது."

"ரோடு அப்பிடி. நான் என்ன செய்ய?"

இதே பேச்சு இரண்டு மாதம் ஓடியது. தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். மிஷின் நிற்கக்கூடாது, ஆர்டர் நிற்கக்கூடாது, நானும் நிற்கக்கூடாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலில் இருக்கும். காரை ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் விட யாருக்கு நேரம்?

அதனால் எங்கள் பிரஸ் ஆட்கள் செய்கிற வைத்தியத்தைச் செய்தேன். கலர் மாறி வீணாய்ப்போன லேபிள் ஷீட்டுகளைக் கட்டாகக் கட்டி டிக்கியில் ஏற்றுவது! எடை இருந்தால் பின்பக்கம் துள்ளாது என்று நாங்களாகவே ஒரு முடிவு. நாலு கட்டு வைத்தேன். துள்ளல் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. மெர்சிக்குத் தோன்றவில்லை. சரி என்று இன்னும் இரண்டு கட்டு ஏற்றினேன்.

விருதுநகருக்குச் செக்கப்புக்குப் போகவேண்டிய நாள் வந்தது. பிள்ளை ரொம்பக் கீழே இறங்கியிருக்கிறது, உடம்பு குலுங்கவே கூடாது என்று முந்தின தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் நான் சாவியோடு நிற்கிறேன். அவள் காரைத் தாண்டி நடந்து போகிறாள்.

"எங்க போற?"

"பஸ்ஸுக்கு. நீங்க உங்க கார்ல வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். என் காரைவிட டவுன் பஸ் தேவலை என்று ஆகிவிட்டதே... ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை விட்டேன்.

ஆமத்தூர் ஸ்பீட் பிரேக்கரில் பஸ் ஏறி இறங்கியது. பின்னாலேயே நானும் ஏறி இறங்கினேன். டொக்... டொக்... கண்ணாடியில் பார்த்தால், காலியான பின் சீட்டில் அவள் தலையணை எம்பி எம்பிக் கீழே விழுந்தது. அவள் உட்காருகிற இடம் அது.

ஆஸ்பத்திரியில் அவளை டோக்கன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த காதர் பாய் ஒர்க்‌ஷாப்புக்குக் காரை விட்டேன். பாய் அதிகம் விசாரிக்கவில்லை. பின்பக்க மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஒரே ஒரு அமுக்கு. கார் எழுந்தது, இறங்கியது, எழுந்தது, இறங்கியது...

"ஒருக்கா எந்திரிச்சு நின்னுரணும் அண்ணாச்சி. இது தொட்டில் மாரியில்ல ஆடுது. பின்னாடி ரெண்டு ஷாக்கும் போச்சு."

குனிந்து காட்டினார். ஷாக் அப்சார்பர் உடம்பு முழுக்க ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கிடந்தது. டயரில் கையை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. ஷாக்கின் மேல் நட்டைக் கழற்ற டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இத எதுக்குச் சுமந்துக்கிட்டுத் திரியுறீக?"

சொன்னேன்.

"நல்லா வச்சீக போங்க! ஸ்பிரிங்கு தூக்கும், ஷாக்குதான் அடக்கும். அடக்க ஆளில்லாத எடத்துல எடைய ஏத்துனா அடியில போயி இடிக்கத்தான செய்யும்? இம்புட்டு நாளும் பின்னாடி ஆரு உக்காந்து வந்தாக?"

லேபிள் கட்டுகளை ஒவ்வொன்றாக நானே கீழே இறக்கினேன்.

அப்போதும் புத்தி அவசரத்தில்தான் இருந்தது. ரொம்பக் கசிகிற ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். ஜோடியாக மாற்றுவதாக இருந்தால் மாற்றுகிறேன், இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றுவிட்டார் பாய்.

கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்ட நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் மூன்று நடை நடந்தேன். அங்கே போனால் இங்கே நினைப்பு, இங்கே வந்தால் அங்கே நினைப்பு. கழற்றிய பழசை பாய் கையால் அமுக்கினார். தடுப்பே இல்லாமல் உள்ளே போய் அப்படியே கிடந்தது. புதுசை அமுக்க என் முழு பலமும் வேண்டியிருந்தது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மத்தியானம் மெர்சி வாசலுக்கு வந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஏறவில்லை. பின்னால் போய், ஒரு கையால் அவளே காரை அமுக்கிப் பார்த்தாள். கார் எழுந்து நின்றது. அப்புறம்தான் ஏறினாள்.

ஆமத்தூர் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். கையை மடியில் போட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. இவள் இரண்டு மாதமாகச் சொன்னதை நம்பாதவன், பாய் ஒரு தடவை அமுக்கிக் காட்டியதும் நம்பிவிட்டேனே... வெட்கமாக இருந்தது.

இப்போது வேறு கார். பள்ளத்தில் இறங்கினாலும் தெரிவதில்லை. அன்று வயிற்றில் இருந்தவள் மதுரையில் காலேஜ் படிக்கிறாள். அந்தப் பரபரப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

போன வாரம் மெர்சி, "மாடி ஏறுனா நெஞ்சு படபடங்குதுங்க" என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே, வெயில் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே சுரீர் என்றது. மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் குறைச்சல், மாத்திரை போதும் என்றார்கள்.

வெளியே வரும்போது மெர்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லையே... இந்தத் தடவ காதர் பாயக் கேக்காமலே நம்பிட்டீக!"