பேர்னாட்டின் கிறிஸ்மஸ் மரம்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பேர்னாட் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரை 'குட் மோர்னிங்' சொன்ன நாட்களில் வீட்டில் யாரோடும் கதைக்கமாட்டார். அந்த மரியாதை கலைந்துவிடும் என்ற பயம். அவருக்குக் கடவுள் கொடுத்த சோதனை ஒஸ்வால்ட். அந்த மனிதர் செய்த குற்றம் ஒன்றுதான்: பேர்னாட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

ஒரு நாள் பேர்னாட் கிறிஸ்மஸ் மரக் கன்று ஒன்று வாங்கி வந்தார். ஊசி ஊசியாய் இலை, தட்டுத் தட்டாய்க் கிளை, துரைமார் பங்களாக்களின் முன்னால் நிற்குமே, அந்த மரம். வீட்டு வளவின் நடுவில் வைத்தால் ஒஸ்வால்டின் கண்ணில் சரியாகக் குத்தாது என்று மதிலோடு ஒட்டி நட்டார். ஒஸ்வால்ட் மட்டும் லேசுப்பட்டவரா? அடுத்த கிழமையே அதே சாதிக் கன்றை மதிலின் மறுபக்கத்தில், நேருக்கு நேராய் நட்டார். இரண்டு கனவான்களும் ஒருவரையொருவர் 'மிஸ்டர்' போட்டு அழைக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

மரங்களுக்கு மதில் தெரியுமா? இரண்டும் வெளிச்சத்துக்கு அடிபட்டுக்கொண்டு நெட்டையாய் வளர்ந்தன. பேர்னாட்டின் மரம் பேர்னாட்டின் வீட்டுப் பக்கம் கிளை விரித்தது. மதில் பக்கம் ஒரே நிழல். அங்கே வந்த கிளைகளெல்லாம் காய்ந்து கொட்டின. விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டுக்கொண்டு பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தன் மரம் முழு மரம்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம். நத்தார்ப் பண்டிகைக்கு முன் பங்குச் சுவாமி ஒழுங்கையில் ஒரு வீட்டைத் தெரிவு செய்வார். பாலன் இயேசுவின் குடில் அந்த வளவில்தான் கட்டப்படும். கரோல் கோஷ்டி கடைசிப் பாட்டைப் பாடுவதும் அங்கேதான். தன் மரத்தடியில் ஒரு முறை குடில் கட்டப்பட வேண்டும் என்பது பேர்னாட்டின் ஒரே ஆசை. மோட்சத்தைக்கூட அவர் அதற்கு அடுத்தபடியாகத்தான் வைத்திருந்தார். சுவாமியோ ஒரு முறையும் அவர் வீட்டைச் சொல்லவில்லை.

ஏன் என்று ஒரு மார்கழியில் கண்டுபிடித்தார். மரத்தில் கடதாசி நட்சத்திரம் கட்ட ஏணி வைத்து ஏறியபோது மதில் பக்கம் கண்ணில் பட்டது. ஒரு கிளை இல்லை, சுத்த மொட்டை. இறங்கி வந்து மனைவி றோஸியிடம் கத்தினார்.

"அவன்ட மரம் என்ட மரத்தின்ட வெளிச்சத்தைக் களவெடுக்குது!"

"உங்கட மரம் அவங்கட வெளிச்சத்தை எடுக்கேல்லையா?" என்றாள் றோஸி.

"நீ வாயை மூடு. அந்தச் சனியன் போனா இந்தப் பக்கமும் முருங்கை மாதிரித் துளிர்க்கும்."

பிறகு யுத்தம் வந்தது. பேர்னாட்டுக்கு அது கர்த்தரே அனுப்பிய யுத்தம். விமானத் தாக்குதலுக்குக் காவல் பார்க்கும் ஏ.ஆர்.பி. வாடனாகத் தொண்டுக்குச் சேர்ந்தார். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போக, ஊர் சிதறி ஓடியது. மற்றவர்கள் உயிரை நினைத்தார்கள். நம்மவர் மரத்தை நினைத்தார். தொப்பியும் விசிலுமாய் ஒஸ்வால்டின் படலையில் போய் நின்றார்.

"மிஸ்டர் ஒஸ்வால்ட், உங்கட மரம் ஜப்பான்காரனுக்கு அடையாளம். உடனே வெட்ட வேணும்."

"அப்ப உங்கட மரம்?"

"என்ட மரம் உங்கடதை விட ஒரு முழம் கட்டை."

ஒஸ்வால்டுக்குச் சிரிக்கத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் மனைவி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கோடரிக்காரன் வந்தான், மரம் விழுந்தது. அந்தத் தொப்பியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பேர்னாட் துளிருக்காகக் காத்திருந்தார். தண்ணீர் ஊற்றினார், மாட்டெரு போட்டார், கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தும் தெளித்தார். கர்த்தர் அதை முருங்கையாகப் படைக்கவில்லையே! மொட்டைப் பக்கத்தில் ஒரு துளிரும் வரவில்லை. நாவிதன் பாதிச் சவரத்தில் எழுந்து போன முகம் போல மரம் நின்றது.

மார்கழியில் சுவாமி வந்தார். படலையைத் திறக்காமல் ஒழுங்கையிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பேர்னாட், இந்த மரத்தின்ட மற்றப் பாதி எங்க?"

"அது... ஒஸ்வால்டின்ட மரம், சுவாமி. வெட்டியாச்சு. பாதுகாப்புக்கு."

"ரெண்டு மரமா? றோட்டில நிண்டு பார்க்க ஒரே மரமெல்லோ! ரெண்டு பக்கமும் அளவாக் கிளை, எவ்வளவு வடிவு. இந்த முறை மதிலைக் கொஞ்சம் இடிச்சு, அதுக்குக் கீழ ரெண்டு வீட்டுக்கும் பொதுவாக் குடிலைக் கட்டுவம் எண்டுதான் வந்தனான்."

சுவாமி பெருமூச்சு விட்டுவிட்டு, மூன்றாம் வீட்டுக் கொய்யா மரத்தைப் பார்க்கப் போனார்.

பேர்னாட் ஒழுங்கைக்கு இறங்கினார். தினமும் அந்த வழியால் வேலைக்குப் போனவர்தான். ஆனால் ஒஸ்வால்டின் வளவில் கண் படக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே போனவர். இன்றுதான் சுவாமி நின்ற இடத்தில் நின்று நேரே பார்த்தார். நான் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. மனிதர் நடு ஒழுங்கையில் நின்று அழுதார்.

ஒஸ்வால்ட் தன் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஒஸ்வால்ட், உங்கட மரமும் என்ட பக்கம் மொட்டையாவா இருந்தது?" என்று கேட்டார் பேர்னாட்.

"ஓம்," என்றார் ஒஸ்வால்ட். "உங்கட மரம் பக்கத்தில நிண்டபடியா ஒருத்தருக்கும் தெரியேல்ல."