மைக் செத்த போன்

என் போனின் முதுகு பணியாரம் போல உப்பிவிட்டது. இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்த மருமகள், "அத்தே, இது வெடிச்சிரும். தூரப் போடுங்க" என்றாள். கொரோனா காலத்தில் பேத்தி பாடம் படித்த டேப்லெட்டை மகன் தூசி தட்டிக் கொண்டுவந்தான். முறம் அகலம் இருந்தது. "இதுல மூஞ்சியப் பாத்தே பேசலாம்மா" என்றான். மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் அவன் அப்பாவிடமே பேசியிருப்பேனே! கல்யாணமான புதிதில் அந்த மனுஷர் என்னை ஊமை என்றே நினைத்துவிட்டார்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உப்புவதற்கு முன்னாலேயே அந்த போனில் மைக் செத்துப்போயிருந்தது. தவக்காலத்தில் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது யாருக்கும் கேட்காது. மகன் பக்கத்து அறையில் இருக்கிறவன், எனக்கு எதற்கு போன் போடப்போகிறான்? அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. இதைவிட நல்ல போன் எனக்கு எங்கே கிடைக்கும்?

சொந்தக்காரர்களுக்கும் நான் பதில் பேசாதது பழகிவிட்டது. பதில் சொல்லாத ஆள் கிடைத்தால் மனுஷர்கள் என்னவெல்லாம் கொட்டுகிறார்கள் தெரியுமா! தாடிக்கொம்பில் இருக்கும் சித்தி மகள் அவள் மாமியாரைத் திட்டுவதற்காக என்னைக் கூப்பிடுவாள். அந்த மாமியாரும் எனக்குத்தான் கூப்பிடுவாள்.

அக்கா இன்னும் குஜிலியம்பாறைப் பக்கம், நாங்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுவாள். ஆடு, முட்டிவலி என்று போய்க்கொண்டிருந்த பேச்சு ஒரு ஞாயிறு எங்கோ திரும்பியது.

"ஏண்டி, நீ அஞ்சாப்பு முடிச்சப்ப, மேல படிக்கிறியான்னு அப்பா கேட்டாருல்ல? அவளுக்கு இஷ்டமில்லப்பான்னு நாந்தான் சொன்னேன். கடலைக் காட்டுக்குத் தனியாப் போகப் பயமா இருந்துச்சுடி. தொணைக்கு நீ வேணும்னு சொல்லிப்புட்டேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

எனக்குத் தெரியாத சங்கதியா அது? அன்றைக்குக் கதவுக்குப் பின்னால்தானே நின்றுகொண்டிருந்தேன். வாய் வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இது போன் கோளாறா, உன் கோளாறா? நீயா வாயத் தெறக்குற வரைக்கும் நான் கூப்பிடல போ" என்று வைத்துவிட்டாள். இரண்டு ஞாயிறு போன் அடிக்கவில்லை.

நேரில் போகலாமே என்பீர்கள். போனால் அவள் சோறு போடுவாள், நான் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். மகன் போனில் பேசலாம்தான். அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான்.

ரப்பர் பேண்டோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் பார்க்கும் பாய் கடைக்குப் போனேன். திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரிய மாத்தியே ஆகணும். மைக்கும் போயிருச்சு. ரெண்டையும் மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்மா. இல்ல, புதுசு காட்டவா?" என்றார்.

"பேட்டரி மட்டும் மாத்துனாப் போதாதா பாய்?"

"பேச முடியாத போனை வச்சு என்னம்மா செய்வீங்க?"

"கேப்பேன்."

"அதுக்கு ஒரு ரேடியோ வாங்கிட்டுப் போங்களேன்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேறொரு போனுக்கு ஈயம் பற்றவைக்க ஆரம்பித்தார். புகை எழுந்தது. அசல் சாம்பிராணி வாசனை.

எங்கள் ஊர் மாதா கோவிலில், நாம் செய்த பாவத்தைச் சொல்ல, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே சாமியார், வெளியே நாம், நடுவே சல்லடை மாதிரி ஓட்டை போட்ட பலகை. புதுநன்மை என்று முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு முந்தைய நாள் அங்கே முழங்காலில் நின்ற எனக்கு ஒரு பாவமும் வாய்க்கு வரவில்லை. சாமியார் இருமினார், காத்திருந்தார். கடைசியில், "சரி, சொன்னதா வச்சுக்கிறேன். மூணு அருள்நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ" என்றார். பின்னால் நின்ற அக்காவுக்குப் பத்து ஜெபம் விழுந்தது. "ஒண்ணுமே சொல்லாம எப்பிடிடி மூணோட தப்பிச்ச?" என்று வழியெல்லாம் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

இத்தனை மாதமாக நானும் அந்தச் சாமியார் வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆளை அனுப்பினார்.

"மைக்கையும் மாத்திருங்க பாய்."

மாற்றி முடித்ததும், "யாருக்காச்சும் பேசிப் பாருங்கம்மா" என்று நீட்டினார். அக்கா எடுத்தாள்.

"அக்கா."

"யாரு?"

"நாந்தேன். அன்னைக்கு எனக்கும் வாய் இருந்துச்சுல்லக்கா? படிக்கிறேன்னு நானே சொல்லிருக்கலாம். நீ மனசுல வச்சுக்காத."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "திண்டுக்கல்ல வெயில் எப்பிடி?" என்றாள்.

ஊர்க் கோவிலில் அந்தப் பெட்டி இப்போது இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். சித்தி மகளும் அவள் மாமியாரும் இப்போதெல்லாம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். ஆடு, முட்டிவலி, மழை வருமா வராதா, அவ்வளவுதான். போன ஞாயிறு, பழையபடி அவள் மனசைக் கொட்டக் கேட்க எனக்கு ஆசை தாங்கவில்லை. அவள் ஏதோ கேட்டபோது பதிலே சொல்லாமல் இருந்து பார்த்தேன்.

"லைன் கட்டாயிருச்சு போல" என்று வைத்துவிட்டாள்.