ஷாய்மெர்தென் வாங்கிய ஆட்டுத்தலை

எங்கள் ஊர் அத்பசாரில் குளிர் மைனஸ் நாற்பதைத் தொட்டால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஓய்வூதியக்காரர்களுக்கு இப்படியொரு சலுகை தரலாம் என்று எந்த அரசாங்கத்துக்கும் இதுவரை தோன்றவில்லை. பிள்ளைகள் போர்வைக்குள் கிடக்க, பெரியவர்கள் பூட்ஸுக்கு மேலே கிழிந்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, வழுக்காமல் நடக்கிறோம் என்ற நம்பிக்கையில் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருப்பார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அந்த வாரம் மகா மோசம். ஒருநாள் திடீரென்று மழை தூறியது. மறுநாள் காலையில் ஊர் மொத்தமும் கண்ணாடிக் கடையாக இருந்தது. எங்கள் கட்டடத்து வாசல்படியில் முதலில் விழுந்தது தபால்காரி. அடுத்து விழுந்தவர், "ஜாக்கிரதை, தபால்காரி விழுந்துட்டா" என்று சொல்ல வந்தவர்.

விழாதவர் ஒருவர்தான். மூன்றாம் மாடி ஷாய்மெர்தென். அவர் படியில் கால் வைக்கும் முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்.

ரயில்வேயில் அவருக்கு அதுதான் வேலை. வண்டி நிலையத்தில் நிற்கும்போது நீளக் கைப்பிடி வைத்த சுத்தியலோடு கூடவே நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரி சொல்லும், விரிசல் விட்டது தகர டப்பா மாதிரி முனகும். ஓய்வு பெற்றபோது நிர்வாகம் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. சுத்தியலை அவராகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டு வெந்நீர்க் குழாய், மாடிப்படிக் கம்பி, அடுத்த வீட்டுக்காரன் கார், சந்தையில் உறைந்த மீன் என்று எதுவும் தட்டுக்குத் தப்பவில்லை.

"ஷாகே!" என்று கீழ்வீட்டு கிளாரா ஜன்னலைத் திறந்து கூப்பிடுவாள். எங்களில் மூத்தவரைப் பெயரைச் சுருக்கித்தான் மரியாதையாக அழைப்போம். "அப்படியே என் வீட்டுக்காரரையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன். எங்கயோ விரிசல் விட்டிருக்கு, கண்டுபிடிக்க முடியல."

"தட்ட வேணாம்மா, தூரத்துலயே தெரியுது" என்பார் ஷாய்மெர்தென்.

இப்படி எல்லோரும் மெச்சுகிற மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவருடைய தகப்பனார் உயிரோடு இருந்தார்.

அவசரப்பட வேண்டாம். தகப்பன் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். விஷயம் வேறு. எங்கள் விருந்தில் ஆட்டுத்தலையை முழுதாக வேகவைத்துத் தாம்பாளத்தில் கொண்டுவந்து, கூட்டத்தில் மூத்தவர் முன்னால் வைப்பார்கள். அவர் கத்தியை வாங்கி, கன்னத்தில் ஒரு துண்டு தான் தின்று, மேலண்ணத்தை வீட்டுப் பெண்ணுக்கும், பெரியவர் சொல் கேட்டு வளரட்டும் என்று காதைச் சின்னப் பிள்ளைக்கும் அறுத்துக் கொடுத்து, தாம்பாளத்தை அடுத்தவருக்கு நகர்த்துவார். இதற்கு ஒரே நிபந்தனை: தகப்பன் இருக்கிறவன் தலையைத் தொடக் கூடாது. தொட்டால், தகப்பன் போய்விட்டார் என்று சபையறிய ஒப்புக்கொண்ட மாதிரி.

ஷாய்மெர்தெனுக்கு அறுபத்து நாலு வயது, பாதிப் பல் கட்டியது, பேரப்பிள்ளைகள் உண்டு. அவருடைய தகப்பனார் கொஷ்கர்பாய்க்கு எண்பத்தெட்டு. தால்திசாய் கிராமத்தில் தனியாக இருந்துகொண்டு, தன் விறகைத் தானே பிளந்துகொள்கிறார். ஆகவே எந்த விருந்திலும், தகப்பனைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த ஐம்பது வயதுப் பையன்கள் கத்தி பிடிக்க, ஷாய்மெர்தென் கதவோரம் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். ஒருமுறை ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில், உடம்பில் அடித்துக்கொள்ளும் இலைக்கொத்து விற்கிறவன் தலை வாங்கினான். அன்றிரவு அவர் வீட்டு வெந்நீர்க் குழாய்க்கு விழுந்த அடி எனக்கு நான்காம் மாடி வரை கேட்டது.

அந்தக் கண்ணாடி வாரத்தில்தான் புதுச் சம்பந்தி அமங்கோஸ் வீட்டில் குளிர்கால விருந்து. பனி இறுகியதும் கொழுத்த குதிரை ஒன்றை அடித்து, வசந்தம் வரைக்கும் இறைச்சியை இருப்பு வைத்து, உறவையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது. ஷாய்மெர்தெனின் மகள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது போன இலையுதிர் காலத்தில்தான். கல்யாணத்துக்குக் கொஷ்கர்பாய் வரவில்லை. "வைக்கோல் ஏத்துற நேரத்துல கல்யாணம் வைக்கிறவன் மனுசனா?" என்று கேட்டுவிட்டு வைக்கோல் ஏற்றப் போய்விட்டார். சம்பந்தி வீட்டார் அவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அறுபத்து நாலு வயது ஆளிடம் போய், உங்கப்பா இருக்காரா என்று எந்த நாகரிகமுள்ள மனிதன் கேட்பான்?

குதிரை இறைச்சி வந்தது. பின்னாலேயே தலை வந்தது. அமங்கோஸ் இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்து, ஆட்டின் மூக்கு ஷாய்மெர்தெனைப் பார்க்கும்படி வைத்து, கத்தியை நீட்டினார்.

"பெரியவரு நீங்கதான் சம்பந்தி. ஆரம்பிங்க."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதற்காக ஷாய்மெர்தென் வாயைத் திறக்கத்தான் செய்தார். ஆனால் ஆடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு ஆடும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. திறந்த வாயை வீணாக்காமல் "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கத்தியை வாங்கிக்கொண்டார்.

அறுத்தது என்னவோ கச்சிதம். கதவோரத்திலிருந்து அத்தனை காலம் பார்த்துப் பார்த்துப் பாடம் செய்தவர் அல்லவா! மேலண்ணம் மகளுக்கு, காது சம்பந்தியின் பேரனுக்கு. கடைசியில் உள்ளங்கையை விரித்து நீளமான ஆசீர்வாதம் ஒன்றும் சொன்னார். அதில் அந்த வீட்டுப் பசுவைக்கூட மறக்கவில்லை. "ஆமீன்" என்று எல்லோரும் முகத்தைத் தடவி நிமிர்ந்தபோது, சமையலறை வாசலில் குழம்புச் சட்டியோடு அவர் மனைவி பல்ஜான் நின்றுகொண்டிருந்தாள். சட்டியிலிருந்துதான் ஆவி வந்தது. இல்லை, அவளிடமிருந்துதானோ என்னவோ.

வீடு திரும்பும் வழியெல்லாம் பனிக்கட்டி. ஷாய்மெர்தென் முன்னால் தட்டிக்கொண்டே நடந்தார்.

"ஏ கெழவா" என்றாள் பல்ஜான் பின்னாலிருந்து. "மாமாவுக்கு நாப்பதாம் நாள் என்னைக்கு வருது?"

டொக், டொக்.

"இல்ல, ரொட்டி சுடணுமில்ல. ஆளுங்கள வேற கூப்பிடணும். எப்ப செத்தாருன்னு சொன்னாத்தானே கணக்கு வைக்க முடியும்."

"ஒரு துண்டு கன்னந்தான்டி தின்னேன்."

"உங்கப்பன முழுங்கிட்டு, ஒரு துண்டுங்கிற."

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த விருந்தில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மாமனார் ஜகிப், கொஷ்கர்பாய்க்குச் சித்தப்பா மகன். தால்திசாய்க்கு அடுத்த கிராமத்தில் இருப்பவர். மருத்துவர் அன்றிரவே அவருக்குப் போன் போட்டு, "என்ன மாமா, கொஷ்கர்பாய் தாத்தா தவறினத எங்களுக்குச் சொல்லவே இல்லயே" என்று வருத்தப்பட்டுக்கொண்டார்.

துக்கத்தைப் போனில் விசாரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. நேரில் போக வேண்டும். வீடு கண்ணில் பட்டதுமே குரலெடுத்து அழ வேண்டும். ஜகிப் விடிந்ததும் பனிச்சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டினார். ஊர் எல்லையில் ஆரம்பித்தார். "ஐயோ என் அண்ணே! என் மலையே! என்ன விட்டுட்டுப் போயிட்டியே!" வாசல் வரைக்கும் அழுகை ஒரே சீராக வந்தது. கதவு திறந்தது. கையில் கோடாரியோடு மலை நின்றது.

"யாருடா செத்தது?"

"நீதாண்ணே" என்றார் ஜகிப். பிறகு எங்களிடம் இதை நடித்துக் காட்டும்போது, அந்த இடத்தில் தனக்குக் கோபம்தான் வந்ததாகச் சொன்னார். அவ்வளவு தூரம் அழுதுகொண்டு வந்தது வீண்தானே.

தினமும் சாயங்காலம் தகப்பனும் மகனும் போனில் பேசுவார்கள். தூரம் அதிகம் என்பதால் கொஷ்கர்பாய் கத்தித்தான் பேசுவார். என் வீட்டுக்கும் கேட்கும். அன்று மணி அடிக்கவில்லை. இருட்டும் வரை பொறுத்துவிட்டு ஷாய்மெர்தென் தானே போட்டார். எடுத்தார்கள்.

"அப்பா?"

"செத்தவன் போன் எடுக்க மாட்டான்" என்றது குரல், கத்தாமல். வைத்துவிட்டது.

அப்பா கத்தாததுதான் அவரை உலுக்கிவிட்டது. மறுநாள் படியில் பார்த்தேன். சுத்தியல் கையில் இருந்தும் எதையும் தட்டாமல் இறங்கினார். தால்திசாய்க்குப் போய்க் காலில் விழலாம் என்றால், பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடித் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். வார முடிவிலோ அவர் வீட்டிலேயே விருந்து. சம்பந்தி குடும்பம் வரும். தகப்பனை உயிரோடு புதைத்தவன் என்று தெரிந்தால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? சொல்லாமல் விட்டாலோ, தால்திசாயில் ஒரு மனிதர் சாகும்வரை செத்தவராகவே இருக்க வேண்டியதுதான்.

"என்ன செய்யட்டும் பல்ஜான்?"

"கத்தி வாங்கும்போது என்னைக் கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அவள் மாவு பிசையப் போனாள்.

விருந்து நாள். அமங்கோஸ் குடும்பம் வந்தது, மருத்துவர் வந்தார், மேல்மாடிக்காரன் என்ற முறையில் நானும் போனேன். கதவுக்கு எதிர்ச்சுவரோரம் மரியாதையான இடத்தில் பல்ஜான் மெத்தை விரித்திருந்தாள். அமங்கோஸுக்கு ஒன்று, நடுவில் இன்னொன்று. நடு மெத்தை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஷாய்மெர்தெனுக்கு அதைக் கேட்கிற நிலைமை இல்லை. தேநீரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

தலை வந்தது. வீட்டுக்காரர் அதைச் சம்பந்தி முன்னால் வைக்க வேண்டும். ஷாய்மெர்தென் தாம்பாளத்தோடு எழுந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"சூடு ஆறுது சம்பந்தி" என்றார் அமங்கோஸ் சிரித்துக்கொண்டு.

"அன்னிக்கு உங்க வீட்டுல நான் தலை புடிச்சேன்ல. அது தப்பு. எங்கப்பா இருக்காரு."

சம்பந்தியம்மாவின் கையில் ரொட்டி அந்தரத்தில் நின்றது. மருத்துவர் கம்பளத்துப் பூவை ஆராய்ந்தார்.

"இருக்காருன்னா?" என்றார் அமங்கோஸ்.

"உயிரோட. நல்லாவே இருக்காரு. வெறகு பொளக்குறாரு. ஆசைப்பட்டு வாங்கிட்டேன் சம்பந்தி. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அமங்கோஸ் பதில் சொல்வதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே மஞ்சள் விளக்கு சுழல ஒரு பனி தள்ளும் வண்டி வந்து நின்றது. மூடிய சாலையில் யாரும் போகக் கூடாதுதான். ஆனால் அந்தச் சாலையைத் திறப்பதற்கென்று ஒரு வண்டி போய்த்தானே ஆக வேண்டும். அதை ஓட்டுகிறவன் பல்ஜானின் அத்தை மகன் என்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. பல்ஜான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வெகு அமைதியாகக் கதவைத் திறக்கப் போனாள்.

கொஷ்கர்பாய் புருவமெல்லாம் வெள்ளையாக உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றினார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

"பெரியவரு யாரு?" என்று அமங்கோஸ் மெதுவாகக் கேட்டார்.

"நானா? நான்தான் இவனோட செத்துப்போன அப்பன்" என்றார் கிழவர், எங்கள் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஷாய்மெர்தெனின் முகத்தில் வாரம் முழுக்க இல்லாத ரத்தம் திரும்பியது.

கிழவர் நேராகப் போய் நடு மெத்தையில் உட்கார்ந்தார். ஷாய்மெர்தென் மண்டியிட்டு, ஆட்டின் மூக்கு அவரைப் பார்க்கும்படி தாம்பாளத்தை வைத்து, இரண்டு கையாலும் கத்தியை நீட்டினார். கிழவர் கன்னத்தில் ஒரு துண்டு தின்றார். நிதானமாக மென்றார். பிறகு காதை அறுத்தார். சம்பந்தியின் பேரன் கையை நீட்டினான்.

"இருடா கண்ணு. உனக்கு இன்னொரு காது இருக்கு" என்றார் கொஷ்கர்பாய். "முதல்ல இந்தப் பையனுக்கு. டேய், வாயத் தொற."

அறுபத்து நாலு வயது ஷாய்மெர்தென் வாயைத் திறந்தார். கட்டிய பல்லால் காதை மென்றார். அது சீக்கிரம் மெல்ல முடிகிற பண்டமில்லை. முதலில் சிரித்தது மகள். பிறகு அமங்கோஸ், தொடையில் தட்டித் தட்டி.

"அட சம்பந்தி, வீட்டுல ரெண்டு காலையும் ஊணிக்கிட்டு ஒரு மலை நிக்கிது, எங்ககிட்ட மறைச்சு வெச்சிருந்தீங்களே! அடுத்த வாரம் எங்க வீட்டுல மறுபடியும் சாப்பாடு. பெரியவரு வரணும்."

"வைக்கோல் வேலை இல்ல, வரேன்" என்றார் கொஷ்கர்பாய்.

அவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. சாலை திறந்து நாளாகிறது, ஆனால் ஊரில் யார் வீட்டிலெல்லாம் குதிரை அடித்தார்களோ அத்தனை பேரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலமானால் படியிறங்கும் சத்தம் கேட்கும். மகன் முன்னால் பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டே போவார். தகப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்கே தட்ட வேண்டும் என்று கத்திக்கொண்டே வருவார். ஒவ்வொரு விருந்திலும் தலை தகப்பனுக்கு, காது மகனுக்கு.

"இந்தக் குளிருக்கு எத்தனை காது தின்னாச்சு" என்கிறாள் பல்ஜான். "ரொட்டி வாங்கிட்டு வாய்யான்னா மட்டும் இன்னும் கேக்கல."