வலது காலில் ஒரு பொய்

இந்த வருடத் தொடக்கத்தில் மூன்று வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. காரணம் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். அப்போது மழுப்பிவிட்டேன். இப்போது சொல்லலாம் – சம்பந்தப்பட்டவரிடம் போன ஞாயிற்றுக்கிழமைதான் அனுமதி வாங்கினேன்.

என் பங்குக் கதை சின்னது. கேம்ப் ரோடு ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கினேன். அறுபதை நெருங்குகிற பெண்மணி செய்கிற காரியமா அது? முழங்காலுக்குள் ஒரு சவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் பிசியோதெரபி போதும் என்றார்.

சேலையூரில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது கிளினிக். முழங்கால் வலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைக்க யாருக்குத் தோன்றியதோ... படி ஏறி முடிப்பதே முதல் பயிற்சி.

முதல் நாள் நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ரிசப்ஷன் பெண் குரல் கொடுத்தாள்: "இம்மானுவேல்!"

எங்கள் தாம்பரம் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கேயும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் கைத்தடி வைத்திருந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர். இன்னொருவர் ஆறடிக்கு மேல் இருந்த ஆப்பிரிக்க இளைஞர். இடது முழங்காலில் நீளமாக ஒரு தழும்பு.

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "நீங்க முன்னாடி போங்க தம்பி."

"இல்ல சார், நீங்க போங்க. நம்மளது பெரிய ரிப்பேர். லேட் ஆவும்" என்றார் அந்த இளைஞர்.

சுத்தமான மெட்ராஸ் தமிழ்! அந்த ஹாலில் இருந்த எல்லா வலியும் ஒரு நிமிடம் நின்றது.

அடுத்தடுத்த படுக்கைகள்தான் எங்களுக்கு. மறுநாளே பேச்சு ஆரம்பித்தது. "இன்னா அக்கா, கால் எப்டி கீது?" என்று அவர்தான் தொடங்கினார். அக்கா என்று ஆனபிறகு 'அவர்' எதற்கு? இனி 'அவன்' என்றே எழுதுகிறேன்.

இம்மானுவேலுக்கு இருபத்தேழு வயது. கானாவில் தக்கோராடி என்ற துறைமுக ஊர். கால்பந்தில் ஸ்ட்ரைக்கர் – கோல் போடுவது மட்டுமே வேலை. சென்னையில் ஒரு சின்ன கிளப் அவனை அழைத்து வந்தது. முதல் இரண்டு வருடம் வியாசர்பாடியில் டீம் பையன்களோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறான். தமிழ் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். நன்றாக விளையாடினான், பெரிய கிளப் ஒன்று அவனைக் கவனிக்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் கால் போனது.

"யார் இடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இடிக்கல அக்கா. நானேதான் திரும்பினேன். டப்புனு ஒரு சத்தம். பக்கத்துல யார் காலோ ஒடைஞ்சிடுச்சுனு நெனைச்சேன். பார்த்தா என்து."

முழங்காலைக் கட்டிவைத்திருக்கும் லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது. ஆபரேஷன். கிளப் புது ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொண்டது. அவன் முடிச்சூரில் ஒரு சின்ன ரூமுக்கு மாறி, தினமும் பஸ் பிடித்து இந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தான். நான் பார்த்தபோது ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம்.

எங்கள் இருவருக்கும் ஒரே தெரபிஸ்ட், ஹேமா. முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம், இரக்கமே இல்லாத கை. "மேடம், இன்னும் ரெண்டு செட்" என்று அவள் சொன்னால் செய்துதான் ஆகவேண்டும். இம்மானுவேலிடம் அவள் சொன்னது எப்போதும் ஒன்றுதான்: "ஒன்பது மாசம். அதுக்கு முன்னாடி கிரவுண்டு பக்கமே போகக் கூடாது."

அவனுக்கோ நாட்கள் வேறு கணக்கில் ஓடின. அந்தப் பெரிய கிளப் பிப்ரவரியில் ஆள் எடுத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு இடம். வந்து விளையாடிக் காட்டலாம், ஆனால் பிசியோவின் ஃபிட்னஸ் லெட்டர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் அடுத்த சீசன்தான். இரண்டு சீசன் சும்மா உட்கார்ந்திருந்த, கத்தி வைத்த காலுள்ள ஸ்ட்ரைக்கரை அடுத்த வருடம் யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒருநாள் போனில் மகளைக் காட்டினான். ஈசி என்று பெயர். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு வைக்கிற பெயராம். நாலு வயது. அப்பா கோல் போடுகிற பழைய வீடியோவைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் டெய்லி கோல் போட்டுகினு இருக்கேன்னு நெனைச்சுகினு கீது" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹீட் பேக்கைச் சரிசெய்தேன்.

லெட்டருக்கு ஒரு டெஸ்ட் உண்டு. தரையில் அளவு டேப் ஒட்டியிருப்பார்கள். ஒற்றைக் காலில் நின்று, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் குதித்து, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல கால் குதித்த தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது அடிபட்ட கால் குதித்தால் பாஸ்.

முந்தைய வாரம் ஒருமுறை குதித்துப் பார்த்தான். வலது கால் நூற்று எழுபது சென்டிமீட்டர். இடது நூற்று முப்பத்தைந்து. ஹேமா நோட்டில் எழுதிக்கொண்டு, "பார்த்தீங்களா? இன்னும் டைம் வேணும்" என்றாள். அவன் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் விடாமல் கேட்டதில், டெஸ்டில் பாஸானால் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டாம் என்று ஹேமா இறங்கிவந்தாள். டெஸ்ட் நாள் வந்தது. நான் பக்கத்துப் படுக்கையில், காலில் கரன்ட் வயர்களோடு படுத்திருந்தேன். அவன் வலது காலில் நின்றான். குதித்தான்.

நூற்று நாற்பத்தைந்து.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன வாரம் நூற்று எழுபது குதித்த கால்... ஒரே வாரத்தில் எங்கே போனது இருபத்தைந்து சென்டிமீட்டர்? முழு மூச்சோடு குதிப்பவன்போல் பல்லைக் கடித்தான், கையை வீசினான், எல்லாம் செய்தான். காலை மட்டும் அடக்கிக்கொண்டான். அடுத்து இடது கால், உயிரைக் கொடுத்துக் குதித்தான். நூற்று முப்பத்தெட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ். தாராளமாக பாஸ்.

அடிபட்ட கால் தேறவில்லை. நல்ல காலைத்தான் அவன் கீழே இறக்கிவிட்டான்.

முப்பது வருடம் ஸ்கூலில் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். பிட் அடிக்கிற பையனின் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஒருவரையும் விட்டதில்லை, அழுதாலும் விட்டதில்லை. அன்று இம்மானுவேல் திரும்பி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. உதட்டில் விரல் வைக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"வெரி குட் இம்மானுவேல்!" என்றாள் ஹேமா.

நான் படுத்துக்கொண்டு சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

லெட்டர் கிடைத்தது. பெரிய கிளப்பும் அவனை எடுத்துக்கொண்டது.

முதல் மேட்சுக்கு என்னை வரச்சொன்னான். தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, நொண்டியபடியே போனேன். கால்பந்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அறுபதாவது நிமிடத்தில் பந்து உயரமாக வந்தது, கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு தலை மட்டும் மேலே எழுந்தது, வலை ஆடியது. எனக்குப் புரிய அது போதும். நானும் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர், "உங்க பையன் ஆடறானா மேடம்?" என்றார். "தம்பி" என்றேன். அவர் எங்கள் டீமின் பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு உட்கார்ந்தார்.

சரி, நான் செய்தது நல்ல காரியம்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ட்ரெயினில் வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. நமக்குப் பிடித்தவர்கள் செய்யும் தில்லுமுல்லுக்கு நாம் எத்தனை நல்ல பெயர்கள் வைக்கிறோம்! தைரியம், தன்னம்பிக்கை, வைராக்கியம்... பிடிக்காதவர் செய்திருந்தால் ஒரே பெயர்தான்.

இரண்டாவது மேட்சிலும் ஒரு கோல்.

மூன்றாவது மேட்ச் வெளியூரில். போனில் லைவ் வந்தது. சமையல் மேடையில் போனைச் சாய்த்துவைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். பந்து அவனுக்கு முன்னால் உருண்டது. துரத்தினான், நின்றான், திரும்பினான். பக்கத்தில் ஒருவருமில்லை.

உட்கார்ந்துவிட்டான்.

கத்தவில்லை, உருளவில்லை. நிதானமாகக் குனிந்து இடது காலின் பூட் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். டாக்டர் ஓடி வருவதற்குள் பூட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டான். வர்ணனையாளர், "யாரும் மோதவில்லை, பெரிய அடியாக இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையில் கீரைக்கட்டோடு அப்படியே நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே லிகமென்ட். மறுபடி ஆபரேஷன். இந்த முறை சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. நடக்கலாம், ஓடலாம், மகளைத் தோளில் தூக்கிக்கொள்ளலாம். போட்டிகளில் விளையாடுவது மட்டும் முடிந்தது.

நான் நேராகக் கிளினிக்குக்குப் போனேன். என் ஆறு வாரம் எப்போதோ முடிந்திருந்தது. ஹேமா, "என்ன மேடம், திரும்பவும் வலியா?" என்றாள்.

"அன்னிக்கு டெஸ்ட்ல அவன் வலது கால்ல சரியா குதிக்கல. வேணும்னே கம்மியா குதிச்சான். நான் பார்த்தேன் ஹேமா. உன்கிட்ட சொல்லல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சாயங்காலம் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன் மேடம். முந்தின பக்கத்துல நூத்தி எழுபதுனு இருக்கு. லெட்டரை வாபஸ் வாங்கலாம்னு போன் எடுத்தேன்."

"அப்புறம்?"

"வெச்சிட்டேன். அவர் லெட்டரை வாங்கிட்டுப் படி இறங்கின ஸ்பீடு கண்ணுலயே இருந்துது... ரெண்டு மாசம் கழிச்சுப் போயிருந்தாலும் கால் போயிருக்கலாம் மேடம். போகாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

ஒரு பொய்க்கு அந்த ஹாலில் மூன்று பேர் இருந்திருக்கிறோம். அவன் குதித்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். அவள் போனைக் கீழே வைத்தாள். எங்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் அவன் அந்த சீசன் ரூமில்தான் உட்கார்ந்திருப்பான். கால் மிஞ்சியிருக்குமா? தெரியாது. அந்த இரண்டு கோல் இருந்திருக்காது, அது மட்டும் தெரியும். இதில் எது பெரிது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். பதில் இருந்தால் நானே எழுதியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் ஊருக்குக் கிளம்பினான். தக்கோராடி துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற ஃபேக்டரி ஒன்றில் அவனுடைய மாமா சூப்பர்வைசர். அங்கே வேலை தயார். சாயங்காலம் ஃப்ளைட். மதியம் மாடம்பாக்கத்தில் என் வீட்டில் சாப்பாடு.

வஞ்சிரம் வறுத்து, குழம்பும் வைத்திருந்தேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சாப்பிட்டான். மகள் ஏர்போர்ட்டுக்கு வருகிறாளாம், வழி முழுக்கத் தூங்கமாட்டாளாம், இப்போதே அடம்பிடிக்கிறாளாம். எல்லாம் சொன்னான். காலைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நானே ஆரம்பித்தேன். "இம்மானுவேல், அன்னிக்கு நான் பார்த்துட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

"ஹேமாகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. என்னை மன்னிச்சுடு."

பரவாயில்லை அக்கா, விடுங்க அக்கா – இப்படி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தானே எதிர்பார்த்துக் கேட்கிறோம்?

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நீங்க சொல்லியிருந்தா உங்ககூட பேசியே இருக்க மாட்டேன். ஹேமா அக்காகூடயும் பேசியிருக்க மாட்டேன். ஆனா கோவம் கீது அக்கா. நைட்ல கால் வலிக்கசொல்ல வருது. என் மேலதான் நெறைய."

"என் மேல?"

"உங்க மேலயும் கீது. கொஞ்சம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனாலும் கேட்டுவிட்டேன். முப்பது வருட டீச்சர் இல்லையா, மார்க் தெரியாமல் விடமாட்டோம்.

"கொஞ்சம்னா... எவ்ளோ?"

அவன் தட்டைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான். மிச்சமிருந்த ஒரே வஞ்சிரம் துண்டை, எனக்கென்று நான் எடுத்துவைத்திருந்ததை, கரண்டியால் தூக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

"இவ்ளோதான் அக்கா."

அன்று நான் வாங்கியிருந்தது பெரிய மீன். ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம்.