அபுல் ஹசன் மீசையும் அண்ணாமலை நகர் மூளையும்

கடலூர் முதுநகர் துறையில் மீன் ஏலம் விடும் அபுல் ஹசனை யாரும் முதலில் பார்ப்பதில்லை. முதலில் மீசையைப் பார்ப்பார்கள், பிறகுதான் ஆள் கண்ணில் படுவார். ஒல்லியான உடம்பு, சுமாரான உயரம். ஆனால் வஞ்சிரம் கூடை கூடையாக வந்து இறங்கியதும், பலகை மேல் ஏறி நின்று மீசையின் இடது நுனியை ஒரு முறுக்கு முறுக்கினால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விலை முடிந்தது என்று அர்த்தம். மீசை இல்லாமல் பலகை ஏறினால் மத்தி கூட விலை போகாது என்று அவர் மனதார நம்பினார்.

மனைவி ரஹ்மத் பீவிக்கு அந்த மீசையைக் கண்டாலே ஆகாது. "மார்க்கத்துல மீசையக் கத்தரிக்கச் சொல்லியிருக்கு. நீங்க என்னடான்னா தண்ணி ஊத்தி வளக்குறீங்க" என்பாள். முப்பது வருடமாகச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

மீசைக்கு அடுத்தபடியாக அபுல் ஹசனுக்குப் பெருமை தந்தது புளியங்கொட்டை ஆட்டம். ஏலம் முடிந்த பிறகு ஐஸ் கடை சபாபதியோடு உட்கார்ந்துவிடுவார். கொட்டைகளை மூன்று வரிசையாகப் பரப்ப வேண்டும். உன் முறை வந்தால் ஏதாவது ஒரு வரிசையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டை யார் கைக்கு வருகிறதோ அவன் தோற்றான். அவ்வளவுதான் ஆட்டம். அபுல் ஹசன் கொட்டையைப் பார்த்து ஆடியதே இல்லை, எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் ஆடுவார். சபாபதி யோசிக்க ஆரம்பித்ததும், "என்னா மச்சான், வேர்க்குது? ஐஸ் கடைக்காரனுக்கே வேர்த்தா ஊரு என்னாவுறது?" என்று ஆரம்பிப்பார். சபாபதி பதறிப்போய் எதையாவது எடுத்துத் தொலைப்பார். வருடக்கணக்கில் இதே கதைதான். சிரிப்பு அடங்காத ஒரு நாளில் அபுல் ஹசன் துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என்னை மிஞ்சுற மூளை ஒண்ணு எதிர உக்காந்து ஜெயிக்கட்டும், அன்னிக்கே இந்த மீசைய எடுத்துடுறேன்."

சபாபதி அந்தச் சொல்லை ஐஸில் போட்டு வைத்துக்கொண்டார்.

அறுபத்து நான்காம் வருடம் அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். புளியங்கொட்டை ஆட்டம் ஆடும் இயந்திரம் ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்ட சபாபதி, அபுல் ஹசனைச் சிதம்பரம் பாசஞ்சரில் ஏற்றிக் கையோடு கூட்டிப்போனார்.

பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. கொட்டைகளுக்குப் பதிலாக மூன்று வரிசையில் சின்ன பல்புகள். ஒவ்வொரு பல்புக்கும் கீழே ஒரு சுவிட்ச், தட்டினால் அணையும். இயந்திரத்தின் முறை வந்தால் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும், பிறகு தானாகவே சில பல்புகள் அணையும். அது ஜெயித்தால் மணி அடிக்கும். அதைச் செய்த இளம் விரிவுரையாளர் ஞானசேகரன், "வாங்க பாய், ஆடிப் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அபுல் ஹசன் ஆடினார். சிவப்பு விளக்கு எரிந்ததும் பழக்க தோஷத்தில், "என்னா தம்பி, கை நடுங்குதா?" என்றார். பெட்டிக்குக் கையும் இல்லை, காதும் இல்லை. முகத்தைத் தேடினார், தகரம்தான் தெரிந்தது. மணி அடித்தது. மறுபடி ஆடினார், மறுபடியும் மணி. மூன்றாவது மணி அடித்தபோது சபாபதி அவர் பக்கம் திரும்பினார். மேலுதட்டின் மேல் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து துறை இரண்டுபட்டது. மீன் விலையை விட்டுவிட்டு, பெட்டி யோசிக்குமா யோசிக்காதா என்பதே பேச்சாயிற்று.

"கரண்டு போனா செத்துடும். அதெல்லாம் ஒரு மூளையா மச்சான்?" என்றார் அபுல் ஹசன்.

"ரெண்டு நாள் சோறு போடலன்னா நீ மட்டும் பாட்டு பாடுவியா?" என்றார் சபாபதி.

"ஜெயிச்சது அதுக்குத் தெரியாதே!"

"மணி அடிச்சுதே!"

"எங்க வீட்டு அலாரம் கூடத்தான் அடிக்குது. விடிஞ்சுபோச்சுன்னு அதுக்குத் தெரியுமா?"

சபாபதி ஐஸ் உடைக்கப் போய்விட்டார். அந்தத் தெம்போடு வீட்டுக்குப் போய் அபுல் ஹசன் அலாரம் கதையைச் சொன்னார். ரஹ்மத் பீவி பெட்டியைக் கண்ணால் கண்டவள் இல்லை. ஆனாலும் அதற்கு அவளைப் போல ஒரு வக்கீல் கிடைத்திருக்க முடியாது.

"ஒண்ணும் தெரியாமத்தான் உங்கள மூணு தடவ தோக்கடிச்சுதா?" என்றாள்.

"அது உள்ள வெறும் ஒயருதான் புள்ள. யோசிக்கிறதுக்கு உள்ள யாரும் கெடையாது."

"முப்பது வருஷமா நீங்க யோசிக்கிறீங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். நான் என்ன உங்க மண்டைக்குள்ள பூந்தா பாத்தேன்?"

அபுல் ஹசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஏலத்தில் எத்தனையோ வாய்களை மடக்கியவர் அவர். இந்தக் கேள்விக்குக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

கடைசியில், செய்தவரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஞானசேகரன் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. பொருட்காட்சியின் கடைசி நாள் இரண்டு பேரும் மறுபடி ரயிலேறினார்கள். வழியெல்லாம் அபுல் ஹசனின் கை மீசையை விடவில்லை. இதுவே கடைசி முறுக்காக இருக்குமோ என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் முறுக்கிக்கொண்டே வந்தார்.

ஞானசேகரன் வழக்கைப் பொறுமையாகக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யோசிக்கலைங்க பாய். கரண்டு வந்தா உள்ள ஒரு இரும்பு நாக்கு ஒட்டுது, போனா விலகுது, அவ்வளவுதான். எந்த நெலமைக்கு எதை அணைக்கணும்னு கணக்குப் போட்டு ஒயரா இழுத்து வெச்சவன் நான்" என்றார்.

அபுல் ஹசனுக்கு உயிர் வந்தது. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டார். சபாபதியின் முகம் வாடியதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. "சும்மா ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போலாம் சார்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். இழக்க ஒன்றுமில்லாத ஆட்டம், அதனால் வாய் தாராளமாக ஓடியது. "வாடா தம்பி. நீ யோசிக்கலியாம், சார் சொல்லிட்டாரு. வருத்தப்படாத" என்று ஒரு சுவிட்சைத் தட்டினார். பெட்டி கடகடத்தது. இவர் தட்டினார், அது அணைத்தது. பல்புகள் குறையக் குறைய ஆட்டம் இவர் பக்கம் சாய்வது போலத் தோன்றியது. மெய்யாகவே சாய்ந்ததா என்பது ஆண்டவனுக்கும் அந்த ஒயர்களுக்கும்தான் வெளிச்சம். அபுல் ஹசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பல்பை அணைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, கூடத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். பந்தல்காரன் ஏற்கெனவே துணியை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். ஞானசேகரன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

எல்லா விளக்குகளும் அணைந்தன. அபுல் ஹசன் நாற்காலி சரிய எழுந்தார்.

"என்னா சார் இது அநியாயம்! அது முறை சார்! அது இன்னும் யோசிச்சிக்கிட்டு இருந்துது!"

ஏலம் விட்டுப் பழகிய குரல். கூடம் முழுக்க அதைக் கேட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சரிந்த நாற்காலியைக் கோபத்தில் ஓரமாகத் தள்ளினார். அந்தக் கோபம் தன் ஆட்டம் கெட்டதற்காக வந்ததில்லை, பெட்டிக்காக வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இருட்டிப்போன பல்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சபாபதி மெல்ல அவர் தோளைத் தொட்டார். "வா மாமா போலாம். சார்தான் தீர்ப்பு சொல்லிட்டாரே. இத யாரும் கேக்கல."

"நான் கேட்டேன்ல?" என்றார் அபுல் ஹசன்.

சிதம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சலூனில் மீசை இறங்கியது. சலூன்காரர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை வைத்தார். ரஹ்மத் பீவி கதவைத் திறந்து, யாரோ என்று முக்காட்டை இழுத்துவிட்டு, அடையாளம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெட்டி நன்றாக இருக்கட்டும் என்று கையேந்தி துஆ கேட்டாள்.

மறுநாள் காலை அவர் பலகை ஏறினார். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. பழக்கத்தில் கை மேலே போய், ஒன்றும் கிடைக்காமல் காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. வஞ்சிரம் நல்ல விலைக்கே போயிற்று. மத்தியும் போயிற்று.

ஏலம் முடிந்து சபாபதி புளியங்கொட்டையைப் பரப்பினார். ஆட்டத்தின் நடுவில் அவருக்கு முறை வந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அபுல் ஹசனுக்கு நாக்கு நுனி வரை கேலி வந்தது. சபாபதியின் நெற்றியைப் பார்த்தார். உள்ளே என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

சபாபதி சாவகாசமாக யோசித்து, இரண்டு கொட்டைகளை எடுத்தார். பலகையில் அபுல் ஹசனுக்கு மிச்சம் கிடந்தது ஒரே ஒரு கொட்டை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் ஜெயித்துவிட்டார்.

துள்ளி எழுந்து, "எடு மாமா மீசைய!" என்று கத்தியவர், அபுல் ஹசனின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப உட்கார்ந்தார்.