நண்டு படம் எடுக்கப் போனவள்

எங்கள் அலுவலகத்தில் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தமானுக்குத்தான் போவார்கள். விமானச் செலவை அரசு கொடுக்கும், சென்னையிலிருந்து ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் போவதுதான் பல வருடம் தள்ளிப்போனது. மகனின் பள்ளிக்கூடம், பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு கொரோனா. ஒருவழியாகப் போன டிசம்பரில் டிக்கெட் எடுத்தபோது அவனுக்குக் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு வந்து நின்றது. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா, நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் ஆராய்ச்சி மையத்தில் ஆய்வகப் பணியாளர். கணவர் செங்கல்பட்டு, செய்யூர் வழித்தடத்தில் பஸ் கண்டக்டர். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் எங்களுக்கு முந்திய தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டது. வேனில் வேளாங்கண்ணிக்குப் போய் வருவதுதான் அவர்களுக்குத் தெரிந்த நீண்ட பயணம். விமானத்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, "மேகத்தை எடு" என்றார் கணவர். எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியில் இருந்த கீறல்தான் தெளிவாக விழுந்தது.

படம் எடுப்பது எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது தன் கேமராவைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், மாமல்லபுரத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்பே, கடற்கரைக்குப் போய்விடுவேன். நண்டு, ஈரமணலில் அலை விட்டுப்போன கோடு, உடைந்த சிப்பி, முதலியார்குப்பம் உப்பங்கழியில் கொக்கு, இவைதான் என் படங்கள். ஆட்களை எடுப்பதில்லை. கேமராவைத் தூக்கினாலே ஆட்கள் வேறு முகம் மாட்டிக்கொள்கிறார்கள். "கொஞ்சம் இப்படி வாங்க, சிரிங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கணவர் பையையும் குடையையும் வைத்துக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் குலம் கோத்திரம் வரைக்கும் தெரிந்துகொண்டிருப்பார்.

அந்தமானிலும் அப்படித்தான் நடந்தது. போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்கிவிட்டு நீல் தீவுக்குக் கப்பலில் போனோம். சின்னத் தீவு. சைக்கிளிலேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடலாம். வாழை, பாக்கு, காய்கறித் தோட்டம், நடுவில் ஒரு கடைத்தெரு. நாங்கள் தங்கிய இடம் ஒரு வங்காளிக் குடும்பத்துடையது. முன்பக்கம் அவர்கள் வீடு, பின்பக்கம் வாடகைக்கு நான்கு அறை. சமையல்காரர் ராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், அங்கே வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஓனரிடம் வங்காளமும் மற்றவர்களிடம் இந்தியும் பேசுவார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு வாய் நிறையத் தமிழ் வந்துவிட்டது.

கடல் உள்வாங்கும் நேரத்தில் அங்கே பாறைத்தரை வெகுதூரம் வெளியே தெரியும். குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதற்குள் நீல மீன், கறுப்பு அட்டை மாதிரி ஒன்று, காலியான சங்குக்குள் குடிபுகுந்து அதை முதுகில் சுமந்துகொண்டு போகும் நண்டு. நான் முழங்காலில் உட்கார்ந்தேன். நண்டு உள்ளே போய்விட்டது. அது வெளியே வரும்வரை அசையாமல் இருந்தேன். தூரத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"இன்னாமே, இன்னும் அதையே பாத்துகினு கீறியா? நீ எழுந்து போனாதான் அது வெளிய வரும்!"

"நீங்க கத்தாம இருந்தா வரும்."

இரண்டு நாள் இப்படிப் போனது. நண்டு மட்டுமே எவ்வளவு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவுக்குப் போவதாக இருந்தோம். காலையில் எழுந்தால் காற்றும் மழையும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லி எல்லாக் கப்பலையும் நிறுத்திவிட்டார்கள். அறை வாசலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணவர் சமையலறைப் பக்கம் போய் வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தாலே ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நாளைக்கு நீ படம் எடுக்கணும். சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாருகிட்ட? இன்னா படம்?"

ஓனரின் பேரனுக்கு மறுநாள் முதல் சோறு ஊட்டும் சடங்கு. போட்டோகிராபர் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டியவர். கப்பல் இல்லாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். சமையல்காரர் இதைச் சொல்லி வருத்தப்பட, இவர் நேராக ஓனரிடம் போய், "மை ஒய்ஃப், போட்டோ, பெரிய கேமரா" என்று கையால் காட்டி முடித்துவிட்டார்.

"யோவ், உன்னை யார் கேட்டாங்க? எனக்கு மனுசங்கள எடுக்க வராதுன்னு தெரியாதா உனக்கு?"

கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' போய்விடும்.

"ஓடற நண்டையே எடுக்கற. கொழந்த ஒரே எடத்துல ஒக்காந்துகினு இருக்கும். அதுல இன்னா கஷ்டம்?"

"நல்லா வரலன்னா? அவங்க வூட்டு விசேஷம். திரும்ப வருமா?"

"இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் சொன்னேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. அதற்குள் ஓனரின் மகளே, குழந்தையின் அம்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கேமராவைக் காட்டினாள், குழந்தையைக் காட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் என்ன சொல்வது.

மறுநாள் மழை விட்டுவிட்டுப் பெய்தது. முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி அதன் கீழே கோலம் போட்டிருந்தார்கள். அரிசி மாவில், நம் கோலம் மாதிரியே, ஆனால் புள்ளி இல்லாமல். அந்தத் தார்ப்பாய்தான் எனக்குச் சிக்கல். மேகமூட்டமான வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்து எல்லார் முகத்திலும் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. நேரில் தெரியாது. படத்தில் மூச்சு முட்டியவர்கள் மாதிரி இருப்பார்கள். குழந்தையைத் திண்டிவனம் சந்தையில் வைத்த கத்தரிக்காய் மாதிரி காட்டியது முதல் படம். வாசல் பக்கம் நகர்த்தி உட்கார வைக்க முடியுமா என்று சமையல்காரர் மூலமாகக் கேட்டேன். பூசை செய்ய வந்தவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பிள்ளை கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும், இடம் அதுதான். கேமராவில் வண்ணத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கூட்டம். தீவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள் போலிருந்தது. எல்லாரும் குழந்தையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எனக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. நான் கேமராவை வைத்துக்கொண்டு அந்த முதுகுகளுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தமிழில்கூட வரவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. இருபது வருடமாகச் செய்யூர் பஸ்ஸில் கேட்கிற குரல்.

"பின்னாடி போங்க, பின்னாடி போங்க! சார், உள்ள வா, உள்ள எடம் கீது பாரு. அம்மா, நீ ஒக்காந்துக்க. அந்த நீலச் சட்டை, படியில நிக்காத, எறங்கு, எறங்கு!"

சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். ஒரு வார்த்தை அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் கூட்டம் பிரிந்தது. நீலச் சட்டைக்காரர் படியிலிருந்து இறங்கினார். வயதான அம்மாக்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கையை இப்படி அசைத்தால் நகர வேண்டும், அப்படி அசைத்தால் நிற்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. எனக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு வழி உண்டாயிற்று. நான் முழங்காலில் உட்கார்ந்தேன். கீழே உட்கார்ந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது, பழகின உயரம் அதுதானே.

குழந்தைக்குக் குட்டி வேட்டி, தலையில் வெள்ளைத் தக்கையில் செய்த கிரீடம். அது கிரீடத்தைப் பிடுங்கி வாயில் வைத்தது. எடுத்தேன். நெற்றியில் சந்தனம் வைத்தபோது முகத்தைச் சுளித்தது. எடுத்தேன். அம்மாவின் கை, தட்டில் இருந்த பொரித்த மீன் தலை, பாயசக் கிண்ணம் எல்லாம் எடுத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊட்டுவது தாய்மாமன் என்று சமையல்காரர் சொன்னார். நம்ம ஊரில்கூட அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். தாய்மாமன் பாயசத்தை விரலில் எடுத்தார். பொத்தானை அழுத்தினேன். கேமரா அசையவில்லை. திரையில், கார்டு நிறைந்துவிட்டது என்று எழுத்து வந்தது.

என்னிடம் இருந்தது ஒரே கார்டு. இன்னொன்று வீட்டில் மகனின் மேசை மேல் கிடந்தது. மொத்தமாக அழித்தால் அன்று எடுத்ததும் போய்விடும். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். நண்டு, அழி. நண்டு, அழி. சங்கு, அழி. அவசரத்தில் விரல் ஒன்றிரண்டு முறை தப்பாக வேறு படத்துக்குத் தாவியது. சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. பெண்கள் எல்லாரும் குலவையிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது குழந்தை வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. முதல் வாய் ஊட்டி முடிந்துவிட்டது.

என் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவர் ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு?"

"விட்டுட்டேங்க. அதைத்தான் எடுக்கணும், அதையே விட்டுட்டேன்."

அவர் உடனே தாய்மாமனிடம் திரும்பி, "சார், ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்" என்றார். தாய்மாமன் சிரித்துக்கொண்டே கிண்ணத்தில் விரலை வைத்தார். குழந்தையின் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கோபமாக இல்லை. சமையல்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, மொதல் வாய் மொதல் வாய்தானாம். திரும்ப ஊட்டுனா அது பொய்யாப் போயிருமாம். படம் இல்லாட்டி என்ன, புள்ள சாப்ட்டுச்சுல்லன்னு கேக்குறாக."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அடுத்த வாயைத் தானே ஊட்டினாள். இந்த முறை குழந்தை அதைத் தாய்மாமனின் பட்டுச் சட்டை மேல் துப்பியது. எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது படத்தில் விழுந்தது. கடைசியில் ஓனர் எல்லாரையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்றார். கணவர் பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி அவர்களை வரிசை வரிசையாக ஏற்றினார். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. நிதானமாக எடுக்க நேரமில்லை. மூன்று முறை அழுத்திவிட்டுக் கேமராவைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு ஓடினேன்.

ஊர் திரும்பி, மகனின் லேப்டாப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நீலத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் குறைத்தேன். கிரீடம் கடிக்கிற படமும் துப்புகிற படமும் நான் அதுவரை எடுத்ததிலேயே நல்லவை என்று எனக்குத் தோன்றியது. மகனும் அதையேதான் சொன்னான். எல்லாவற்றையும் ஓனருக்கு அனுப்பிவைத்தேன். குழந்தையின் அம்மாவிடமிருந்து நிறைய இதயக்குறிகள் வந்தன.

பொங்கலுக்குப் பிறகு சமையல்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் கூடத்துச் சுவர். பெரிய சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தார்கள். நான் நல்லது என்று நினைத்த இரண்டும் இல்லை, அந்தக் கடைசிக் கூட்டப் படம். பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். மழைத்துளி விழுந்து ஓர் ஓரம் கலங்கியிருக்கிறது. குழந்தை தூங்கிவிட்டது. வலது பக்கம் கடைசியில் என் கணவர், வாயைத் திறந்து, கையை உயர்த்தி, யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். அவர் சட்டகத்துக்குள் வந்ததை நான் எடுக்கும்போது கவனிக்கவே இல்லை.

"ஏன் இதைப் போட்டாங்க?" என்று சமையல்காரரிடம் கேட்டேன்.

"இதுலதான்க்கா எல்லாரும் இருக்காக. வர்றவக எல்லாம் அண்ணன காமிச்சு இவரு யாருன்னு கேக்குறாக. மெட்ராஸ் மாமான்னு சொல்லிருக்காக."

கணவர் அந்தப் படத்தை டெப்போ முழுக்கக் காட்டிவிட்டார். அதன் பலனாக மார்ச் மாதம் அவரோடு வேலை செய்யும் டிரைவரின் பேத்தி காதுகுத்துக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், திருப்போரூரில். நான் மறுக்கவில்லை. இரண்டு கார்டு எடுத்துப் போனேன், ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று ஆரம்பித்தார். ஒருவர்கூட நகரவில்லை. "நீ போ அண்ணாத்த பின்னாடி, எங்க கொழந்த, நாங்க பாக்கறோம்" என்றாள் ஓர் அம்மா.

அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.